நோயைக் கொல்லும் மருந்து! நோயாளியைக் காக்கும் நர்சு!

புற்று நோய் என்றால் சாவுதான் என்று ஒரு காலத்தில் மக்கள் நினைத்தார்கள்.

இன்று அந்த நிலைமை மாறி விட்டது. பல வகைப் புற்று நோய்களை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து விட்டால், குணப்படுத்தி விடலாம்.

ஆனால், இப்பொழுது வேறு ஒரு பயம் வந்து இருக்கிறது. அது, மருந்தைப் பற்றிய பயம்!

"அந்த மருந்தை ஏற்றினால் தலைமுடி கொட்டி விடுமாம். வாந்தி நிற்காதாம். வாய் வெந்து போகுமாம்" என்று அக்கம் பக்கத்தில் பேசிக் கொள்கிறார்கள். இதைக் கேட்டு சிலர் ஆஸ்பத்திரிக்கே போவது இல்லை. இன்னும் சிலர் இரண்டு முறை மருந்து ஏற்றிக் கொண்டு, மூன்றாம் முறைக்குப் போகாமல் நின்று விடுகிறார்கள். பாதியில் விட்ட நோய் மறுபடியும் தலை தூக்குகிறது.

மருந்தினால் தொல்லைகள் வருவது உண்மைதான். ஆனால் அவை சொல்லாமல் வருவது இல்லை. இன்ன தொல்லை, இன்ன நாளில் வரும் என்று பெரும்பாலும் முன்கூட்டியே தெரியும். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும்.

அதைத் தெரிந்து வைத்துக் கொண்டு, நோயாளியின் பக்கத்திலேயே நிற்பவர் யார்?

அவர்தான் நர்சு!

டாக்டர் மருந்தைத் தீர்மானிக்கிறார். அந்த மருந்தை ஏற்றுவதும், ஏற்றிய பிறகு வரும் தொல்லைகளை முதலில் கண்டுபிடிப்பதும் நர்சுதான். 2022-ம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் சுமார் 14 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்று நோய் வந்ததாகக் கணக்கிட்டு இருக்கிறார்கள். இவ்வளவு பேருக்கும் நர்சின் உதவி வேண்டும். அவர்கள் வீட்டில் உள்ளவர்களும் பாதி நர்சு ஆக வேண்டும்!

விஷப் புகை தந்த மருந்து

இந்த மருந்து எப்படி வந்தது? அது ஒரு விசித்திரமான கதை.

1917-ம் ஆண்டு. முதலாவது உலகப் போர் நடந்து கொண்டு இருந்தது. பெல்ஜியம் நாட்டில், ஜெர்மன் ராணுவம் "மஸ்டர்டு காஸ்" என்ற விஷப் புகையை வீசியது. பல வீரர்கள் தோல் வெந்து துடித்தார்கள். பலர் இறந்தார்கள்.

இறந்தவர்களின் உடல்களை டாக்டர்கள் சோதித்துப் பார்த்தார்கள். அப்பொழுது ஓர் உண்மை தெரிந்தது. அவர்கள் ரத்தத்தில் இருந்த வெள்ளை அணுக்கள் அழிந்து போய் இருந்தன!

வெள்ளை அணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகுவதும் ஒரு வகைப் புற்று நோய்தான். அப்படியானால், அந்த விஷத்தையே மருந்தாகக் கொடுத்தால் என்ன?

1942-ம் ஆண்டு, அமெரிக்காவில் உள்ள ஏல் பல்கலைக் கழகத்தில் இதைச் செய்து பார்த்தார்கள். விஷப் புகையைப் போன்ற ஒரு மருந்தை, கழுத்தில் பெரிய கட்டிகள் இருந்த ஒரு நோயாளிக்குச் செலுத்தினார்கள். கட்டிகள் கரைந்தன! ஆனால், நோய் திரும்பி வந்தது. நோயாளி பிழைக்கவில்லை. போர் நடந்து கொண்டு இருந்ததால், இந்தச் செய்தியை 1946-ம் ஆண்டு வரை ரகசியமாக வைத்து இருந்தார்கள்.

சென்னையில் படித்தவர்

அடுத்த படியைக் காட்டியவர்களில் ஒருவர் நம் நாட்டுக்காரர். அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-ம் ஆண்டு, ஆந்திராவில் உள்ள பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

பிறகு அவர் அமெரிக்காவுக்குப் போனார். அங்கே ஒரு மருந்து கம்பெனியில் ஆராய்ச்சித் தலைவர் ஆனார். அவருடைய குழு செய்து கொடுத்த ஒரு மருந்தை, பாஸ்டன் நகரில் டாக்டர் சிட்னி பார்பர், ரத்தப் புற்று நோய் வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 குழந்தைகளுக்கு நோய் தற்காலிகமாக அடங்கியது. இந்தச் செய்தி வெளியானது 1948-ம் ஆண்டில். அதே ஆண்டில் சுப்பாராவ் காலமானார்.

அன்று அந்தக் குழந்தைகளுக்குச் சில மாதங்கள்தான் கிடைத்தன. இன்று வசதி மிக்க ஆஸ்பத்திரிகளில், குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்று நோயில் 100-க்கு 80 பேருக்கு மேல் குணம் ஆகிறது.

அன்று அந்த மருந்து குழந்தைகளின் வாயில் புண்ணை உண்டாக்கியது. அதே குடும்பத்தைச் சேர்ந்த "மெதோட்ரெக்சேட்" என்ற மருந்தை இன்றும் கொடுக்கிறார்கள். இன்றும் வாய்ப் புண் வருகிறது.

சுடுகாட்டு மல்லி

நம் ஊரில் நித்திய கல்யாணி என்று ஒரு செடி உண்டு. சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில், வறண்ட நிலங்களில் இதைப் பயிர் செய்கிறார்கள்.

இந்தச் செடியில் இருந்துதான் "வின்பிளாஸ்டின்", "வின்கிரிஸ்டின்" என்ற இரண்டு புற்று நோய் மருந்துகள் கிடைத்தன. 1960-க்குப் பிறகு இவை உலகம் எங்கும் பரவின. சுடுகாட்டுப் பூ, சுடுகாட்டுக்குப் போக இருந்தவர்களைத் திருப்பி அனுப்பியது!

அதற்காக யாரும் இந்தச் செடியைப் பறித்துக் கஷாயம் வைத்துக் குடித்து விடக் கூடாது. அது விஷம். டன் கணக்கான இலையில் இருந்து சிறிதளவு மருந்துதான் கிடைக்கும். அதையும் அளந்து, நரம்பு வழியாகத்தான் ஏற்ற வேண்டும்.

தொல்லை ஏன் வருகிறது?

புற்று நோய் அணுக்கள் வேகமாகப் பெருகும். மருந்து, அப்படி வேகமாகப் பெருகும் அணுக்களைத் தேடிக் கொல்கிறது.

ஆனால், நம் உடம்பில் நல்ல அணுக்களும் சில இடங்களில் வேகமாகப் பெருகுகின்றன. முடி வளரும் இடம் ஒன்று. வாயின் உட்புறம் இன்னொன்று. குடலின் உட்புறம் மூன்றாவது. ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜை நான்காவது.

மருந்துக்குக் கண் இல்லை. களையையும் வெட்டும். பக்கத்தில் உள்ள பயிரையும் கொஞ்சம் வெட்டும். அதனால்தான் முடி உதிர்கிறது. வாய் புண்ணாகிறது. வயிற்றுப் போக்கு வருகிறது. ரத்தம் குறைகிறது.

ஆனால், பயிர் மறுபடியும் தழைத்து விடும். அது தழைப்பதற்காகத்தான் பெரும்பாலும் 2 வாரம், 3 வாரம் இடைவெளி விட்டு மருந்து ஏற்றுகிறார்கள். அந்த இடைவெளியில் நோயாளியைப் பத்திரமாகக் கரை சேர்ப்பதுதான் நர்சின் வேலை.

முதல் நாள்

மருந்து ஏற்றும் நாளில் நர்சின் கண் ஊசி குத்திய இடத்திலேயே இருக்கும்.

சில மருந்துகள் நரம்புக்கு உள்ளே இருக்கும் வரைதான் நல்லவை. வெளியே கசிந்தால், சதையைப் புண்ணாக்கி விடும். "டாக்சோரூபிசின்" என்ற சிவப்பு மருந்து அப்படிப்பட்டது.

"ஊசி போட்ட இடத்தில் எரிந்தாலும், வலித்தாலும் உடனே சொல்லுங்கள், அம்மா. பொறுத்துக் கொண்டு இருக்காதீர்கள்" என்று நர்சு சொல்வார்.

நம் பெண்களுக்கு வலியைப் பொறுத்துக் கொள்வது பழக்கம். "சிஸ்டருக்கு எதற்குத் தொந்தரவு?" என்று சும்மா இருந்து விடுவார்கள். இங்கே அந்தப் பொறுமை கூடாது!

மருந்து கசிந்தது தெரிந்தால், நர்சு உடனே மருந்தை நிறுத்துகிறார். ஆனால் ஊசியை எடுத்து விடுவது இல்லை. அதே ஊசி வழியாக, கசிந்த மருந்தை முடிந்த அளவு உறிஞ்சி எடுக்கிறார். பிறகு ஒத்தடம். சிவப்பு மருந்து என்றால் ஐஸ் ஒத்தடம். நித்திய கல்யாணி மருந்து என்றால் வெதுவெதுப்பான ஒத்தடம். மாற்றிக் கொடுத்தால் கெடுதல் கூடும். அதனால்தான் இதற்கு என்று தனியாகப் பயிற்சி பெற்ற நர்சுகள் வேண்டும்.

இன்னொரு விஷயத்தையும் நர்சு முன்கூட்டியே சொல்லி வைக்கிறார். சிவப்பு மருந்து ஏற்றினால், ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகலாம். அது ரத்தம் அல்ல. மருந்தின் நிறம். இதைச் சொல்லா விட்டால், வீட்டில் எல்லோரும் பதறிப் போவார்கள்.

வாந்தி

மருந்து ஏற்றிய அன்றே வாந்தி வரலாம். சிலருக்கு அன்று வராது. மறு நாளும், அதற்கு அடுத்த நாளும் வரும்.

முன்பு இதுதான் பெரிய கொடுமையாக இருந்தது. வாந்திக்குப் பயந்தே பலர் சிகிச்சையை விட்டு ஓடினார்கள். 1990-ம் ஆண்டை ஒட்டி "ஆண்டன்செட்ரான்" என்ற மருந்து வந்தது. அதற்குப் பிறகு நிலைமை வெகுவாக மாறியது. இப்பொழுது வாந்தி வருவதற்கு முன்பே அதைத் தடுக்கும் மருந்தைக் கொடுக்கிறார்கள்.

வீட்டுக்குக் கொடுத்து அனுப்பும் வாந்தி மாத்திரையை, "இப்பொழுதுதான் வாந்தி இல்லையே" என்று நிறுத்தி விடக் கூடாது. சொன்ன நாள் வரை சாப்பிட வேண்டும். வந்த வாந்தியை நிறுத்துவதை விட, வராமல் தடுப்பது சுலபம்.

சாப்பாடு எப்படி? தட்டு நிறையப் பரிமாறி, "சாப்பிடு, சாப்பிடு" என்று வற்புறுத்தக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளைக்கு 6 முறை கொடுக்கலாம். இட்லி, இடியாப்பம், கஞ்சி, ரஸ்க் போன்றவை நல்லவை. சூடாக இருக்கும் சாப்பாட்டில் வாசனை அதிகம். ஆறிய பிறகு கொடுத்தால் குமட்டாது.

தாளிக்கும் வாசனை சிலருக்கு ஆகாது. சமையல் நடக்கும்போது அவர்களை வேறு அறையில், காற்றோட்டமாக உட்கார வைக்கலாம்.

மருந்து ஏற்றும் நாளில், நோயாளிக்கு மிகவும் பிடித்த பலகாரத்தைச் செய்து கொடுக்காதீர்கள்! அன்று வாந்தி வந்தால், பிறகு அந்தப் பலகாரத்தைக் கண்டாலே குமட்டும். பிடித்த சாப்பாட்டை நல்ல நாளுக்கு வைத்துக் கொள்ளலாம்.

சிலருக்கு வாயில் இரும்பைச் சப்புவது போல ஒரு ருசி தெரியும். அவர்களுக்கு எவர்சில்வர் கரண்டிக்குப் பதிலாக, பிளாஸ்டிக் கரண்டி கொடுத்தால் தேவலை.

48 மணி நேரம்

மருந்து ஏற்றிய பிறகு 2 நாள் வரை, நோயாளியின் சிறுநீரிலும், மலத்திலும், வாந்தியிலும் கொஞ்சம் மருந்து கலந்து இருக்கும். அதைச் சுத்தம் செய்பவர்கள் ரப்பர் கையுறை போட்டுக் கொள்ள வேண்டும். கக்கூசில் நிறையத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அழுக்கான துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். கர்ப்பிணிகள் இந்த வேலையைச் செய்யக் கூடாது.

ஆனால், இதைக் கேட்டு விட்டு நோயாளியைத் தொடாமல் ஒதுங்கி நிற்காதீர்கள். புற்று நோய் ஒட்டுவார் ஒட்டி அல்ல! பக்கத்தில் உட்காரலாம். கட்டிப் பிடிக்கலாம். பேரக் குழந்தை மடியில் ஏறலாம்.

வாய்ப் புண்

ஒரு வாரம் ஆனதும் வாய் சிவக்கும். எச்சில் விழுங்கினாலே வலிக்கும். சாப்பாடு இறங்காது.

இதற்கு நர்சு சொல்லும் மருந்து சமையல் அறையிலேயே இருக்கிறது. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில், கால் தேக்கரண்டி சமையல் சோடாவும், அதில் பாதி அளவு உப்பும் போட்டுக் கலக்க வேண்டும். இதை வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். ஒரு நாளைக்குப் பல முறை இப்படிச் செய்ய வேண்டும். சாப்பிட்ட பிறகும், தூங்கப் போகும் முன்பும் கட்டாயம் கொப்பளிக்க வேண்டும்.

பல் துலக்க மிகவும் மெதுவான பிரஷ் வேண்டும். வேப்பங் குச்சியும், பல்பொடியும் அப்பொழுது கூடாது. காரம், புளிப்பு, முறுக்கு போன்ற கரடுமுரடான தின்பண்டம் எல்லாவற்றையும் தள்ளி வைக்க வேண்டும். புகையிலையும், வெற்றிலைப் பாக்கும் எந்த நாளிலும் கூடாது.

"புளூரோயூரசில்" என்று ஒரு மருந்து உண்டு. அதை ஒரேயடியாக நரம்பில் செலுத்தும்போது, நர்சு ஐஸ் கட்டிகளைக் கொடுத்து வாயில் அடக்கிக் கொள்ளச் சொல்வார். ஊசிக்கு 5 நிமிடம் முன்பு தொடங்கி, அரை மணி நேரம் சப்ப வேண்டும். ஏன் தெரியுமா? குளிரில் வாயின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். மருந்து அங்கே குறைவாகப் போகும். புண்ணும் குறைவாக வரும்.

சாதாரண ஐஸ் கட்டி! எவ்வளவு பெரிய உதவி!

ஆபத்தான வாரம்

இனி வருவதுதான் மிகவும் முக்கியம். வீட்டில் உள்ள எல்லோரும் இதை மனதில் பதிய வைத்துக் கொள்ள வேண்டும்.

மருந்து ஏற்றிய 7-ம் நாளில் இருந்து 14-ம் நாள் வரை, ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்து போகும். வெள்ளை அணுக்கள்தான் நம் உடம்பின் போர் வீரர்கள். கிருமி உள்ளே நுழைந்தால் எதிர்த்துச் சண்டை போடுவது அவைதான். ஒரு கன மில்லி மீட்டர் ரத்தத்தில் ஆயிரக் கணக்கில் இருக்க வேண்டிய வீரர்கள், அந்த வாரத்தில் வெகுவாகக் குறைந்து விடுவார்கள். கோட்டைக் கதவு திறந்து கிடக்கும். காவலுக்கு ஆள் இருக்காது!

அப்பொழுது கிருமி நுழைந்தால் சீழ் கட்டாது. சிவக்காது. சண்டை நடந்தால்தானே அடையாளம் தெரியும்? ஒரே ஓர் அடையாளம்தான் தெரியும்.

அது காய்ச்சல்!

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். செல்சியஸ் கணக்கில் அது 38 டிகிரி. இரவு 12 மணியாக இருந்தாலும் சரி, தீபாவளி நாளாக இருந்தாலும் சரி, காத்து இருக்கக் கூடாது.

பல வீடுகளில் என்ன நடக்கிறது? "லேசான காய்ச்சல்தான். ஒரு மாத்திரை போட்டுப் படு. காலையில் பார்க்கலாம்" என்கிறார்கள். பாரசிடமால் மாத்திரை காய்ச்சலை இறக்கி விடும். கிருமியைக் கொல்லாது. வெளியே காய்ச்சல் இல்லை. உள்ளே கிருமி பெருகிக் கொண்டு இருக்கும். காலையில் பார்க்கும்போது கை கால் சில்லிட்டு, ரத்த அழுத்தம் விழுந்து இருக்கும். சிலர் அந்த இரவிலேயே இறந்து போவதும் உண்டு.

அவர்களைக் கொன்றது புற்று நோய் அல்ல. "காலையில் பார்க்கலாம்" என்ற சொல்!

ஆஸ்பத்திரிக்குப் போனதும், "இவருக்குப் புற்று நோய் மருந்து ஏற்றி இத்தனை நாள் ஆகிறது. காய்ச்சல் வந்து இருக்கிறது" என்று முதலில் சொல்ல வேண்டும். வரிசையில் நிற்கக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் கிருமியைக் கொல்லும் மருந்தை நரம்பில் ஏற்றத் தொடங்க வேண்டும் என்பது விதி. இதைத் தெரிந்த நர்சு, நோயாளியைப் பார்த்ததும் ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பி விட்டு, மருந்தைத் தயார் செய்து விடுவார்.

தமிழ்நாட்டில் 108-க்குப் போன் செய்தால், ஆம்புலன்சு வரும்.

கை கழுவுதல்

அந்த வாரத்தில் கிருமி நுழையாமல் தடுப்பது எப்படி? சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். நோயாளியும் கழுவ வேண்டும். சமைப்பவரும் கழுவ வேண்டும். பார்க்க வருபவரும் கழுவ வேண்டும். இதை விடப் பெரிய மந்திரம் கிடையாது.

காய்ச்சி ஆறிய தண்ணீர் குடிக்க வேண்டும். அப்பொழுது சமைத்த சாப்பாடு வேண்டும். பழத்தைக் கழுவி, தோல் உரித்துக் கொடுக்க வேண்டும். முந்தின நாள் மிச்சம் வேண்டாம்.

"உடம்பு சரி இல்லையாமே" என்று ஊரே திரண்டு பார்க்க வருவது நம் வழக்கம். அன்பினால்தான் வருகிறார்கள். ஆனால், சளியும் இருமலும் உள்ளவர்கள் அந்த வாரத்தில் வர வேண்டாம் என்று சொல்லி விடுவது நல்லது. போனில் விசாரித்தால் போதும்.

ரத்தப் போக்கு

ரத்தம் உறைவதற்கு உதவும் தட்டு அணுக்களும் குறைந்து போகும். சாதாரணமாக, ஒரு கன மில்லி மீட்டர் ரத்தத்தில் இவை ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்கும். 20 ஆயிரத்துக்குக் கீழே போனால், அடி படாமலேயே ரத்தம் கசியலாம்.

அதனால் நர்சு, தோலில் சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பார்க்கிறார். ஈறில் ரத்தம் வருகிறதா, மலம் கறுப்பாகப் போகிறதா என்று கேட்கிறார். அப்பொழுது சவரக் கத்தி கூடாது. ஆஸ்பிரின் மாத்திரையும், டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரையும் கூடாது.

முடி உதிர்தல்

2 அல்லது 3 வாரம் ஆனதும், தலையணையில் கொத்துக் கொத்தாக முடி கிடக்கும்.

உயிருக்கு ஆபத்து இல்லாத தொல்லைதான் இது. ஆனால் பெண்களின் மனதை உடைத்து விடும். பூ வைத்த தலை அல்லவா?

இதைத் தெரிந்த நர்சு, முதல் நாளிலேயே பக்குவமாகச் சொல்லி வைப்பார். "எல்லா மருந்துக்கும் முடி உதிராது, அக்கா. உங்களுக்குக் கொடுக்கும் மருந்துக்கு உதிரும். மருந்து முடிந்ததும் மறுபடியும் முளைத்து விடும். இப்பொழுதே குட்டையாக வெட்டிக் கொண்டால், உதிரும்போது கஷ்டமாகத் தெரியாது" என்பார்.

சிகிச்சை முடிந்து சில மாதங்களில் முடி வளர்ந்து விடும். சிலருக்கு, முன்பு இல்லாத சுருட்டை முடி கூட வரும்! சில ஆஸ்பத்திரிகளில், மருந்து ஏற்றும்போது தலையைக் குளிர வைக்கும் தொப்பியைப் போடுகிறார்கள். சில மருந்துகளுக்கு அது பலன் தருகிறது.

கதிர் சிகிச்சை

சிலருக்கு மருந்தோடு கதிர் சிகிச்சையும் உண்டு. "கரண்டு வைப்பது" என்று மக்கள் சொல்வது இதைத்தான். உண்மையில் அது கரண்டு அல்ல. கண்ணுக்குத் தெரியாத கதிர்.

எந்த இடத்தில் கதிர் படுகிறதோ, அந்த இடத்துத் தோல் வெயிலில் வாடியது போலக் கறுக்கும். சில சமயம் உரியும். அங்கே வாசனை சோப்புத் தேய்க்கக் கூடாது. மஞ்சளோ, சந்தனமோ, எண்ணெயோ, நர்சைக் கேட்காமல் தடவக் கூடாது. தளர்ச்சியான பருத்தித் துணி உடுத்த வேண்டும். கதிர் வைப்பதற்காகப் போட்ட மைக் கோடுகளை அழித்து விடக் கூடாது.

வெளியே இருந்து இயந்திரத்தினால் கதிர் வைத்துக் கொண்டவர், வீட்டுக்கு வந்ததும் யாரைத் தொட்டாலும் கெடுதல் இல்லை. கதிர் அவர் உடம்பில் தங்குவது இல்லை. தைராய்டு நோய்க்காகக் கதிர் உள்ள அயோடின் மருந்தைச் சாப்பிட்டவர்கள் போன்ற ஒரு சிலர்தான், சில நாள் தனியாக இருக்க வேண்டும். அதை ஆஸ்பத்திரியிலேயே சொல்லி அனுப்புவார்கள்.

புதிய மருந்துகள்

இப்பொழுது இன்னொரு வகை மருந்தும் வந்து இருக்கிறது. அது புற்று நோயை நேராகத் தாக்காது. உடம்பின் போர் வீரர்களைத் தட்டி எழுப்பி விடும். இதற்கு வழி கண்ட அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் ஆலிசனுக்கும், ஜப்பான் விஞ்ஞானி தசுகு ஹோஞ்சோவுக்கும், 2018-ம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

எழுந்த வீரர்கள் சில சமயம் சொந்த வீட்டையே தாக்கி விடுவார்கள்! வயிற்றுப் போக்கு, மூச்சுத் திணறல், தோல் தடிப்பு ஆகியவை வரும். மருந்து முடிந்து சில மாதங்கள் கழித்தும் வரலாம். ஆகவே, எந்த டாக்டரிடம் போனாலும், தனக்குக் கொடுத்த மருந்தின் பெயரை நோயாளி சொல்ல வேண்டும்.

12 படுக்கைகள்

தமிழ்நாட்டில் இந்தப் பணிக்கு அடிக்கல் போட்டது ஒரு துக்கம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்று நோயால் இறந்தார். அந்தத் துயரத்தை அவர் மறக்கவில்லை. புற்று நோய்க்கு என்று தனியாக ஓர் ஆஸ்பத்திரி வேண்டும் என்று பாடுபட்டார்.

1952-ம் ஆண்டு, பிரதமர் நேரு சென்னையில் அதற்கு அடிக்கல் நாட்டினார். 1954-ம் ஆண்டு, 12 படுக்கைகளோடு அடையாறு புற்று நோய் ஆஸ்பத்திரி தொடங்கியது. அடுத்த ஆண்டே அங்கு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ம் ஆண்டு காலம் ஆகும் வரை, அந்த ஆஸ்பத்திரியையே தன் வீடாகக் கொண்டு இருந்தார்.

மறைக்கலாமா?

நம் குடும்பங்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. "அப்பாவுக்குப் புற்று நோய் என்று சொல்லி விடாதீர்கள், சிஸ்டர். தாங்க மாட்டார்" என்று பிள்ளைகள் நர்சைக் கெஞ்சுகிறார்கள். பாசத்தினால்தான் சொல்கிறார்கள்.

ஆனால், அதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. தன் உடம்பில் என்ன மருந்து ஓடுகிறது என்று அப்பாவுக்குத் தெரியாது. 10-ம் நாள் காய்ச்சல் வந்தால், "எல்லோருக்கும் வருகிற காய்ச்சல்தானே" என்று அவர் யாரிடமும் சொல்லாமல் படுத்து விடுவார்.

நோயின் பெயரை எப்படிச் சொல்வது, எப்பொழுது சொல்வது என்பதை டாக்டரோடும், நர்சோடும் கலந்து பேசிக் கொள்ளலாம். ஆனால், தொல்லைகளைப் பற்றியும், காய்ச்சலைப் பற்றியும், நோயாளிக்குச் சொல்லாமல் இருக்கவே கூடாது. தன் உடம்புக்கு முதல் காவல்காரர் அவர்தான்.

உடனே சொல்லுங்கள்

கீழே உள்ளவற்றில் எது வந்தாலும், காத்து இருக்காமல் ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டும்:

காய்ச்சல் 100.4 டிகிரி அல்லது அதற்கு மேல்.

காய்ச்சல் இல்லா விட்டாலும், உடம்பு நடுங்கும் குளிர்.

ஒரு நாள் முழுவதும் தண்ணீர் கூட வயிற்றில் தங்காத வாந்தி.

வழக்கத்தை விட நாலு முறைக்கு மேல் வயிற்றுப் போக்கு.

எந்த இடத்தில் இருந்தாவது நிற்காத ரத்தம்.

மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மனக் குழப்பம்.

ஊசி குத்திய இடத்தில் சிவப்பு, வீக்கம், கொப்புளம்.

இந்த மருந்தை ஏற்றிக் கொள்பவர் உள்ள வீட்டில் மூன்று பொருள்கள் வேண்டும். ஒரு தெர்மாமீட்டர். மருந்து ஏற்றிய தேதியைக் குறித்து, 7-ம் நாள் முதல் 14-ம் நாள் வரை சிவப்பு மையினால் வட்டம் போட்ட காலண்டர். அந்தக் காலண்டரின் மேலேயே பெரிதாக எழுதிய ஆஸ்பத்திரியின் போன் நம்பர்.

மூன்றும் ஒரே இடத்தில், எல்லோருக்கும் தெரியும்படி இருக்கட்டும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குக் கூட, தெர்மாமீட்டரைப் பார்க்கக் கற்றுக் கொடுக்கலாம். இரவில் பாட்டியின் உடம்பு சுட்டால், எழுந்து வந்து எண்ணைப் படித்துச் சொல்ல அந்தப் பிள்ளையே போதும்.